ஷு, ஜோ, சொ, தூ

ஜனவரி 5, திங்கள்

ஐந்தேகாலுக்கு வாசல் தெளித்தேன். ஏழு புள்ளிக் கோலம். மூன்றாவது சுற்றில் ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே அனாதையாக நின்றுவிட்டது, அதன்மேல் ஒரு பூவைப் போட்டு மறைத்தேன். மார்கழி என்பதால் லாஸ்பேட்டைத் தெருவே போட்டிபோடுகிறது. எதிர்வீட்டு அம்மாள் தன் பூசணிப் பூவை வைத்துவிட்டு வந்து, "சார் முன்னேறிட்டீங்க" என்றார். என் மனைவி சாருமதி ஜன்னலோரம் நின்று காப்பி குடித்தபடி பார்த்தாள். எட்டரைக்குப் பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பினாள், பஸ்ஸில்தான்.

பத்து மணிக்கு ஜப்பானின் நகோயாவிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை வந்தது. வக்கீல் மொரிதா அம்மையார் எனக்கு ஒன்பது வருஷ வாடிக்கை. இதுவரை இயந்திரக் கையேடும் ஒப்பந்தமுமாக அனுப்பிக்கொண்டிருந்தவர், இந்த முறை ஒரு மனிதரை அனுப்பியிருக்கிறார். அவருடைய கட்சிக்காரர் ஓகாபே, வயது எழுபத்தாறு, மனைவி இல்லை. போன ஜூன் மாதம் காலை பத்தரை மணிக்குக் காரில் போகும்போது சைக்கிளில் வந்த பெண்ணை இடித்துவிட்டார். அந்தப் பெண் பண்ருட்டிக்காரி. பெயர் தேன்மொழி, வயது இருபத்தொன்பது, அங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இடது தோள் நொறுங்கி, விரல்கள் எதையும் பிடிக்காமல், அக்டோபரில் ஊர் திரும்பிவிட்டாள்.

காப்பீடு, சிகிச்சை எல்லாம் தீர்ந்த விஷயம். மிச்சம் ஒரு கடிதம். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடிபட்டவர் 'இடித்தவரை மன்னிக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், அரசுத் தரப்பு பெரும்பாலும் வழக்கை அத்தோடு விட்டுவிடும். இல்லையென்றால் கிழவர் கோர்ட்டு ஏற வேண்டியதுதான். முப்பதாம் தேதிக்குள் கடிதம் வேண்டும். நான் அதைத் தமிழாக்கி, நேரில் போய்ப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

'ஒரு வரிதான், அறவாழி சான்' என்று மொரிதா எழுதியிருக்கிறார். (சான் என்றால் நம் 'சார்' மாதிரி.)

ஜனவரி 6, செவ்வாய்

அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

வக்கீல் காகிதங்களில் மட்டும் வாழும் சொல் அது. யூஜோ. ஜப்பானியர் இரவல் வாங்கிய இரண்டு சீன எழுத்துகள். பல முறை அதைப் பார்த்திருக்கிறேன், 'மன்னிப்பு' என்று தட்டச்சிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இன்றுதான் இரண்டாவது எழுத்தை உற்றுப் பார்த்தேன். மேலே 'போல' என்று பொருள்படும் எழுத்து, கீழே 'இதயம்'. அடடா, இத்தனை வருஷம் இதன் தலையில் மிதித்துத்தானே நடந்திருக்கிறேன்!

மத்தியானம் முழுக்கப் பழைய அகராதிகளோடு போனது. சீனத்தில் இதை ஷு என்கிறார்கள். இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு மாணவன் தன் ஆசிரியரிடம், ஆயுள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரே சொல் இருந்தால் சொல்லுங்கள் என்றானாம். (சோம்பேறிப் பையன், எனக்குப் பிடித்துவிட்டது.) அவர் சொன்ன சொல் இதுதான். உனக்கு வேண்டாததை அடுத்தவனுக்குச் செய்யாதே என்று விளக்கமும் கொடுத்தாராம். அப்போது அதில் மன்னிப்பே இல்லை. என் நெஞ்சைப் போலத்தானே அவன் நெஞ்சும் என்று அளந்து பார்ப்பது, அவ்வளவுதான். பிறகு எப்படியோ ஊர் ஊராகப் போகும் வழியில் மன்னிப்பு ஆகிவிட்டிருக்கிறது.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். துணி மடித்து வைத்தேன். மாடிக்கு நானே எடுத்துப் போனேன், சாருமதிக்கு வலது முழங்கால் முழுசாக மடங்காது. இரண்டரை வருஷம் ஆகிறது. காலாப்பட்டு அருகே ஸ்கூட்டரில் விழுந்தோம். நாய் குறுக்கே வந்தது. அதை அப்போதே எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

ஜனவரி 8, வியாழன்

கடலூர் வழியாகப் பண்ருட்டி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது நெல்லிக்குப்பம் தாண்டித்தான்.

முந்திரித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது தேன்மொழி வீடு. அம்மா அஞ்சலை அங்கேதான் பருப்பு தரம் பிரிக்கிறார், எனக்காக அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். தேன்மொழி கூர்மையான பெண். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, வலது கையால் கடிதத்தை வாங்கி, தமிழை விட்டுவிட்டு ஜப்பானிய மூலத்தைப் படிக்க ஆரம்பித்தாள். என் மொழிபெயர்ப்பை யாரும் இப்படி எதிரில் உட்கார்ந்து சோதித்ததில்லை.

"நாலு வருஷம் அங்க இருந்தேன் சார். இந்த வார்த்தையை ஒருத்தர் வாயிலயும் கேட்டதில்ல. மன்னிக்கிறதுக்கு வேற வார்த்தை இருக்கு. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சீனாலேர்ந்தும்மா. ரொம்பப் பழசு."

"அதான் அவ்ளோ தூரத்துல நிக்குது" என்றாள்.

கூடவே ஓகாபே தன் கையால் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. கிறுக்கல் கையெழுத்து, அதனால் அதை நானே உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். தன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தினமும் காலையில் கொடி பிடித்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை தாண்ட விடுகிறாராம். அப்புறம் இப்படி ஒரு பகுதி: 'வெயில் கண்ணில் அடித்தது என்று போலீஸில் சொன்னேன். அன்று மேகமூட்டம். நான் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் நானே போய் மாற்றிச் சொன்னேன். அந்த ஒரு இரவு நான் சொன்ன வெயிலை நினைத்து இன்றும் கூசுகிறேன்.'

நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பண்ருட்டியில் ஜனவரியிலும் புழுக்கம்.

தேன்மொழி கையெழுத்துப் போடவில்லை. "லைசென்ஸைக் குடுத்துட்டாரு, கொடி பிடிக்கிறாரு, எல்லாம் சரி சார். அதெல்லாம் அவரு மனசு ஆறுறதுக்கு. எனக்கு என்னா வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

அஞ்சலை, "பெரிய மனுசன் பாவம்டீ, போட்டுக் குடேன்" என்றார்.

"நீ சும்மா இரும்மா. பாவம்னா நான் கூடத்தான்."

மறுபடி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அஞ்சலை ஒரு பொட்டலம் முந்திரி கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சாருமதியிடம் சொன்னேன். முந்திரியைக் கொறித்தபடி கேட்டாள்.

"சரி, என்ன வேணும்னு நீங்க கேட்டீங்களா?"

"நான் மொழிபெயர்ப்பாளர். அது என் வேலை இல்லையே."

சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்றால், "ஒண்ணுமில்ல. உங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாதே" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 10, சனி

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய உணவகம் வைத்திருக்கும் திரு. பாக் எனக்குப் பழக்கம், அவர் மெனுவைத் தமிழாக்கியவன் நான். (புளித்த கோசு ஊறுகாய்க்கு எட்டு வகைப் பெயர் யோசித்தது தனிக் கதை.) போனில் கேட்டேன். கொரியாவில் அதே எழுத்து 'சொ'. முன்னால் 'யொங்' சேர்த்து 'யொங்சொ' என்றால் மன்னிப்பு. ஜப்பானில் காகிதத்துக்குள் ஒடுங்கிப்போன சொல், அங்கே சமையலறையிலும் கட்டிலிலும் புழங்குகிறதாம்.

"ஆனா லேசா சொல்லிடக் கூடாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நான் ரெண்டு தரம் கேட்டிருக்கேன்" என்றார், சென்னைத் தமிழில்.

"கிடைச்சுதா?"

"ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணு பெண்டிங்."

சீனாவில் இதே எழுத்து கடைப் பலகையிலும் வருகிறதாம். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது, பொறுத்தருள்க' என்கிற இடத்தில். ஞானியின் வாயில் பிறந்து கல்லாப்பெட்டிக்கு மேல் போய்த் தொங்குகிறது. சொற்களின் ஜாதகத்தை யார் கண்டது!

ஜனவரி 14, புதன்

போகி. பழைய பாய் இரண்டு, உடைந்த முறம் ஒன்று வெளியேறின. கார்ஷெட்டில் இரண்டரை வருஷமாக உறைபோட்டு நிற்கும் ஸ்கூட்டரைக் காட்டி, "இதை ஒண்ணு வித்துடுங்க, இல்ல ஓட்டுங்க. பிணம் மாதிரி மூடி வெச்சிருக்கீங்க" என்றாள் சாருமதி.

டயரில் காற்றில்லை என்றேன்.

"காத்து அடிச்சா வந்துடும்" என்றாள்.

நாய் எந்த நிறம் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. என் தங்கை கேட்டாள், டாக்டர் கூடக் கேட்டார். கறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் மட்டும் செம்பட்டை என்று சொன்னதாக ஞாபகம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பதினைந்து புள்ளி. முதுகு போயிற்று.

ஜனவரி 19, திங்கள்

மறுபடி பண்ருட்டி. அஞ்சலையிடம் சொல்லி, அவர் தொழிற்சாலையில் முந்திரி உடைக்கும் இயந்திரம் பொருத்த வந்திருக்கும் வியட்நாம்காரரை முதலில் பார்த்தேன். பெயர் துவான். கை முழுக்க மசகெண்ணெய். கைபேசியில் அந்த எழுத்தைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் ஊரில் சீன எழுத்தை விட்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பொருளைச் சொன்னதும் முகம் மலர்ந்து, "தா தூ!" என்றார். 'தா' என்றால் விட்டுவிடுவது, 'தூ'தான் நம் எழுத்து. உருவம் போய் ஓசை மட்டும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் தூ என்றால் துப்புகிறோம் என்று நான் சொல்லவில்லை. ஷு, ஜோ, சொ, தூ. நாலு ஊரிலும் நாலு வேஷம் போட்டாயிற்று.

அப்புறம் தேன்மொழி வீடு. பையிலிருந்து கடிதத்தை எடுக்காமலே கேட்டேன்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒப்புக்குக் கேட்கிறேனா என்று பார்த்தாள்போல. பிறகு சொன்னாள்.

இவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஹாருஎ என்று தொண்ணூற்றிரண்டு வயதுப் பெண்மணி. யாரையும் தலையில் கை வைக்க விடமாட்டாராம், தேன்மொழியைத் தவிர. இவள் தினமும் அவருக்கு நம்மூர் மாதிரி சின்னதாகப் பின்னல் போட்டுவிடுவாள். விபத்து நடந்த அன்றைக்குப் பின்னலின் நுனி கட்டும் ரப்பர் பேண்டு அறுந்துவிட்டது. சிவப்பு ரிப்பன் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வெளி வேலையாகச் சைக்கிளை எடுத்திருக்கிறாள்.

"போகவே இல்ல சார். அங்கேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேர்ந்து ஏர்போர்ட். இல்லத்துக்கு போன் பண்ணா, வேலைய விட்டவங்ககிட்ட அங்க இருக்கிறவங்க பத்திச் சொல்லக் கூடாது, ரூல்ங்கிறாங்க. அவங்க இருக்காங்களா? இருந்தா, நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்களா? எனக்கு அது தெரியணும். வேற எதுவும் வேணாம்."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். கடிதத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

ஜனவரி 20, செவ்வாய்

என் தொழிலில் ஒரு விதி: வந்ததைக் கொண்டுபோ, கொண்டுபோனதைக் கொண்டுவா, உன் கையிலிருந்து ஒரு சொல்லும் போடாதே. இருபத்தாறு வருஷமாக மீறியதில்லை.

இன்று மொரிதா அம்மையாருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ரிப்பனின் நிறம் உட்பட.

ஜனவரி 21, புதன்

பதில் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

பதில் இல்லை. வாடிக்கை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டு வரி. 'இது வழக்கத்தில் இல்லாதது, அறவாழி சான். ஓகாபே சான் அந்த இல்லத்துக்கு நேரில் போகிறாராம்.'

ஜனவரி 27, செவ்வாய்

ஓகாபேயின் கடிதம் வந்தது. ஸ்கேனில் மூன்று பக்கம். கார் இல்லாததால் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வரவேற்பறையில் போய் உட்கார்ந்துகொண்டு, யாரை இடித்தவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, எதற்காக வந்தார் என்பதை அப்புறம் சொல்லியிருக்கிறார். மேலாளர் ஹாருஎ அம்மாளின் மகளுக்குப் போன் செய்து கேட்டு, சம்மதம் வாங்கி உள்ளே விட்டாராம்.

மீதியை இங்கே எழுதவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் தேன்மொழி.

ஜனவரி 28, புதன்

பண்ருட்டிக்குப் போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தேன்மொழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள்.

'ஹாருஎ சான் நலமாக இருக்கிறார். ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். தலைமுடியை வெட்டிவிட்டிருந்தார்கள். நான் சிவப்பு ரிப்பன் கொண்டு போனேன். அதைக் கையில் வாங்கிச் சுருட்டிக்கொண்டு, நாலு மணி ஆகிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். சுவரில் மணி நாலேகால். இன்னும் ஆகவில்லை என்று சொன்னேன். அப்படியானால் அவள் வந்துவிடுவாள் என்றார். பொய் சொன்னதற்கு இந்த முறை எனக்குக் கூச்சம் வரவில்லை. அனுமதித்தால் புதன்கிழமைதோறும் போக நினைக்கிறேன்.'

தேன்மொழி அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதை எழுத வெட்கமில்லை. அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ போடறேன்" என்று உள்ளே போனார்.

டீ குடித்து முடித்து அவளே கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். இடது கை காகிதத்தைப் பிடிக்காது என்பதால் அஞ்சலை ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டார். கையெழுத்துப் போட்டாள், ஜப்பானிய எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

"மன்னிச்சிட்டேனான்னு எனக்கே தெரியல சார். ஆனா இவரை உள்ள வெச்சிட்டா, புதன்கெழமை யாரு போய்ப் பாக்கிறது?"

வாசல்வரை வந்தவள், நான் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டாள். "சார், அன்னிக்கு லெட்டர் படிக்கிறப்ப, அந்த வெயில்னு பொய் சொன்ன எடம் வந்துச்சில்ல, படிக்கிறத நிறுத்திட்டுத் தண்ணி கேட்டீங்க. நான் நாலு வருஷம் வயசானவங்க முகத்தைப் பாத்தே பொழப்ப ஓட்டினவ. என்னா சார் அது?"

புழுக்கம் என்றேன்.

"சரி சார்" என்றாள்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் மூலக் கடிதத்தைக் கூரியரில் அனுப்பினேன், ஸ்கேனை மெயிலில். ஓகாபேயின் பாடு முடிந்தது.

நாலரைக்குச் சாருமதி பள்ளியிலிருந்து வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தேன்.

"சாரு, அன்னிக்கு நாய் வரலை."

காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"போன் அடிச்சுது. ஒசாகா கம்பெனி. எடுத்துப் பேர் பாத்தேன். அவ்வளவுதான். நாய் கிடையாது."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்னாடி உக்காந்தவளுக்கு ரோடு தெரியாதா? உங்க தோளுக்கு மேலதானே பாத்துக்கிட்டு வந்தேன். ரோடு காலியாக் கிடந்தது." ஒரு வாய் குடித்தாள். "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்போ உங்க தங்கச்சிகிட்ட நாய் கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க. சரி, பயந்துட்டாரு, நாளைக்குச் சொல்வாருன்னு இருந்தேன். அந்த நாளைக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"ஏன் நீ கேக்கலை?"

"நான் ஏன் கேக்கணும்?"

எனக்குச் செய்யத் தெரிந்ததையெல்லாம் செய்தேனே என்றேன். துணி, சமையல், மாடிப்படி, விடிகாலையில் கோலம்கூட.

டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது அப்போதுதான். இரண்டரை வருஷக் கோபம்.

"அந்தக் கோலம்! எனக்குக் கோலமே பிடிக்காதுங்க. பொறந்ததுலேர்ந்து பிடிக்காது. குனிஞ்சா தலை சுத்தும். உங்க அம்மா சொன்னாங்கன்னு இருபது வருஷம் போட்டேன். கால் போனதுல எனக்குக் கிடைச்ச ஒரே நல்லது அது ஒண்ணுதான். அதையும் தினம் காலைல என் கண்ணு முன்னாடி உக்காந்து வரைஞ்சு காட்டுறீங்க. பொங்கலுக்குப் பதினஞ்சு புள்ளி வேற! ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு வேணுமான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தால் எது வேண்டியிருக்கும் என்று யோசித்துச் செய்தேன். அங்கே உட்கார்ந்திருந்தது நானேதான், அவள் இல்லை.

"வேற என்ன பிடிக்காது?" என்றேன்.

முதலில் முறைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அந்த ரோட்டில் விழுந்து கிடந்தபோது எது முதலில் வலித்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. மன்னித்தாயா என்று நானும் கேட்கவில்லை. பாக் சொன்ன மாதிரி, அது பெண்டிங்.

ஜனவரி 30, வெள்ளி

ஐந்தேகாலுக்கு விழிப்பு வந்துவிட்டது. வாசல் தெளித்தேன். மாவுக் கிண்ணத்தை எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

சாருமதி காப்பியோடு வாசலுக்கே வந்தாள். ஈரம் காயாத வெறும் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு ஸ்கூட்டர் பக்கம் தலையை ஆட்டி, "காத்து அடிச்சுக்கிட்டு வாங்க. நான்தான் ஓட்டப் போறேன்" என்றாள்.